கொஞ்சம் ரிலீஸ் பண்ணுங்க சார்!

போன வாரம் செவ்வாய்க்கிழமை. ஒரே நாளில் நாலு பேர் என்னிடம் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்.

காலை ஒன்பது மணி. மெக்கானிக் போன். "சார், உங்க கார்ல ரிலீஸ் பேரிங் போயிடுச்சு." (கார் என்றதும் பொறாமைப்படாதீர்கள். மாமனார் ஓட்டவும் முடியாமல், விற்கவும் முடியாமல் என் தலையில் கட்டிய வண்டி.)

பத்தரை மணி. நான் எழுதிப் போட்ட ஒரு பத்திரிகையின் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன். "உங்க செக் இன்னும் ரிலீஸ் ஆகலை சார். அடுத்த வாரம் பாருங்க." அந்த அடுத்த வாரம், ஆறு வாரமாக அடுத்த வாரமாகவே இருக்கிறது.

மத்தியானம், பழைய ரூம்மேட். "வெள்ளிக்கிழமை படம் ரிலீஸ். டிக்கெட் போட்டுடவா?"

ராத்திரி எட்டு மணி. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பையன், தலையைக்கூட வாராமல் கிளம்பிக் கொண்டிருந்தான். "இன்னிக்கு எங்களுக்கு ரிலீஸ் சார். விடிஞ்சுதான் வருவேன்." சாப்ட்வேருக்கு விடுதலை. அதைச் செய்தவனுக்கு விடிய விடிய ஜெயில்!

பேரிங், செக், சினிமா, சாப்ட்வேர். நாலுக்கும் ஒரே வார்த்தை. இங்கிலீஷ்காரன் வார்த்தைப் பஞ்சத்தில் இருந்தானா, அல்லது நாம்தான் ஒன்றை வாங்கி நாலு இடத்தில் தைத்துக் கொண்டோமா என்று யோசித்தபடி படுத்தேன். தூக்கம் வரவில்லை. காரணம், இந்த வார்த்தைக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. ஒரு ரிஜிஸ்தர் ஆபீஸ் பெஞ்சில், என் அக்காவுக்குப் பக்கத்தில், இதே வார்த்தை என்னைத் தலைகுனிய வைத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வார்த்தையைப் பார்ப்போம்.

எனக்கு இதை அறிமுகப்படுத்தியவர் அப்பா. மாயவரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். அட்டை கிழிந்த ஓர் இங்கிலீஷ் அகராதியும், வாரம் ஒரு சினிமாவும் அவருடைய பலவீனங்கள். 1995 தீபாவளிக்கு 'முத்து'வும் 'குருதிப்புனலும்' ஒரே நாளில் ரிலீஸ். எனக்கு 7 வயசு. எங்கள் ஊருக்கு ரிலீஸ் படம் வராது. மூணு மாசம் கழித்து, தேய்ந்து, மழை பெய்த மாதிரி கோடு விழுந்த பிரதி வரும். அதற்கும் போஸ்டரில் 'புத்தம் புதிய காப்பி' என்று போட்டிருப்பார்கள்.

"ரிலீஸ்னா என்னப்பா?"

"விடறது."

"பட்டம் விடற மாதிரியா?"

அப்பா சிரித்தார். "சும்மா விடறது இல்லடா. பிடிச்சு வெச்சிருந்தவன் விடறது. படம் பெட்டியில இருக்கும். கடன் கொடுத்தவன் பெட்டியைப் பிடிச்சு வெச்சிருப்பான். காசு வந்தப்புறம் விடுவான். அதுதான் ரிலீஸ்."

பிற்பாடு நான் பத்தாவது படிக்கும்போது அதையே மூணு கேள்வியாக்கிக் கொடுத்தார். "பிடிச்சு வெச்சிருந்தது யாரு? எதை? ஏன் விடறான்? இந்த மூணுக்கும் பதில் தெரியாம அந்த வெர்ப்பைத் தொடாதே."

சத்தியமான வார்த்தை. கிளட்ச்சை மிதித்துப் பிடித்திருப்பது உங்கள் கால். விட்டால் வண்டி நகரும். நகர வேண்டிய விதத்தில் விடாவிட்டால் முன்னால் நிற்கும் ஆட்டோ நகரும். செக்கைப் பிடித்து வைத்திருப்பது அக்கவுண்ட்ஸ் மேனேஜர். மேட்டூரில் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது 120 அடி அணை. ஜூன் 12 என்று ஒரு வழக்கமான தேதி வைத்துத் திறந்தால்தான் எங்கள் டெல்டாவில் குறுவை. இங்கிலீஷ் பேப்பர் அதை 'ரிலீஸ்' என்று எழுதும். தமிழ்ப் பேப்பர் 'திறந்து விடப்பட்டது' என்று எழுதும். மேலே கர்நாடகத்தில் ரிலீஸ் ஆனால்தான் கீழே மேட்டூரில் ரிலீஸ். அதற்காக இரண்டு மாநிலமும் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 2018 பிப்ரவரியில் வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பு வந்தது. ஒரு வினைச்சொல்லுக்கு இவ்வளவு பெரிய வழக்கு உலகத்தில் வேறு எங்கும் நடந்திருக்குமா என்று தெரியாது!

நாம் தமிழில் இதோடு 'ஆச்சு' சேர்த்துக் கொண்டோம். அதில்தான் இருக்கிறது சூட்சுமம். "செக் ரிலீஸ் ஆகலை" என்றால் யார் பண்ணவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்யலை, மாங்காய் காய்க்கலை என்கிற மாதிரி, அது இயற்கையின் திருவிளையாடல். இங்கிலீஷில் இந்த வெர்ப்புக்குப் பெரும்பாலும் ஓர் ஆள் வேண்டும். பண்ணுகிறவன் ஒருத்தன், பண்ணப்படுகிற பொருள் ஒன்று. 'ஆச்சு' போட்டால் ஆள் தப்பித்து விடுகிறான். ஆபீஸில் இருக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பி.காம். முடித்து 2009-ல் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் கிளார்க்காகச் சேர்ந்தேன். அங்கே இந்த வார்த்தையால் இரண்டு தடவை மாட்டிக் கொண்டேன்.

முதல் தடவை, கம்பெனியின் குடோன் வாடகை ஒப்பந்தம் முடியும் சமயம். இன்னும் மூணு வருஷம் நீட்டிக்கச் சொல்லி சொந்தக்காரருக்குக் கடிதம் எழுதச் சொன்னார் மேனேஜர். மறுபடியும் லீஸ் என்பதால் 'ரீ-லீஸ்' என்று எழுதினேன். டைப் அடிக்கும்போது நடுவில் போட வேண்டிய சின்னக் கோட்டை விட்டுவிட்டேன். 'ரீ-லீஸ்' என்பது 'ரிலீஸ்' ஆகிவிட்டது. குடோன்காரர், "இவங்க காலி பண்றாங்களாம்" என்று சந்தோஷமாக அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க ஆளையே அனுப்பிவிட்டார். ஒரு கோடு! அதை நேராக்க மேனேஜர் இரண்டு தடவை நேரில் போய் காபி சாப்பிட வேண்டியதாயிற்று.

இரண்டாவது தடவை, 2016-ல். வேலையை விட்டு எழுத்தையே தொழிலாக்கிக் கொள்வது என்று ஒரு விபரீத முடிவு எடுத்தேன். ராஜினாமாக் கடிதத்தில், 'தயவு செய்து என்னை ரிலீஸ் பண்ணவும்' என்று உருக்கமாக முடித்திருந்தேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரிலீவ் வேற, ரிலீஸ் வேறய்யா. ரிலீவ்னா தலைச்சுமையை இறக்கி வைக்கிறது. ரிலீஸ்னா பிடியை விடறது. கம்பெனி உன்னைப் பிடிச்சா வெச்சிருக்கு? நீதான்யா ஏழு வருஷமா கம்பெனியைப் பிடிச்சுத் தொங்கிட்டிருக்கே!"

அசடு வழிந்தேன். அன்றைக்கே ரிலீவிங் ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவு சீக்கிரம் விடுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் பிடித்து வைத்துப் பார்த்திருக்கலாம்.

இந்தக் கூட்டத்தில் இன்னும் சில உறவுக்காரர்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் 'டிஸ்சார்ஜ்'. கோர்ட்டில் குற்றமில்லை என்று சொன்னால் 'அக்விட்'. தண்டனை முடிந்து வெளியே வந்தால் 'ரிலீஸ்'. தமிழ்ப் பேப்பர் கடைசி இரண்டையும் 'விடுதலை' என்றே போடும். தப்பே செய்யாதவனும் விடுதலை. செய்து, அனுபவித்து, அண்ணா பிறந்த நாளுக்கு நன்னடத்தையில் வந்தவனும் விடுதலை. 'லிபரேட்' கொஞ்சம் பெரிய மனுஷன். நாடு, இனம் என்றால்தான் வருவார், கிளட்ச்சுக்கெல்லாம் வரமாட்டார். கம்ப்யூட்டர் கம்பெனிகளில், "உங்களை புராஜெக்டிலிருந்து ரிலீஸ் பண்றோம்" என்பார்கள். அங்கே விடுதலை என்றால் வயிற்றில் புளி கரைக்கும்.

பிறப்பு விசாரித்தால், குடும்பம் லத்தீன். 'ரிலாக்ஸாரே' என்று ஒரு சொல். தளர்த்துவது, இறுக்கத்தைக் குறைப்பது. அது பிரெஞ்சு தேசம் வழியாக ஊர் சுற்றிவிட்டு இங்கிலீஷுக்கு வந்தபோது 'ரிலீஸ்'. அதே சொல் லத்தீனிலிருந்து தனியாக வந்து சேர்ந்தபோது 'ரிலாக்ஸ்'. ஆக, செக் ரிலீஸ் ஆனால்தான் நான் ரிலாக்ஸ் ஆவேன் என்பது வெறும் புலம்பல் அல்ல, மொழியியல் உண்மை! 'ரிலிஷ்' என்று, ருசித்துச் சாப்பிடுவதற்கு ஒரு வார்த்தை இருக்கிறதே, அதுவும் இதே குடும்பம்தான். தின்ற பிறகு நாக்கில் விட்டுச் செல்லும் ருசி. வாடகைக்கு விடுகிற 'லீஸ்'கூட ஒன்றுவிட்ட அண்ணன்தான்.

இந்த லீஸும் ரிலீஸும் சேர்ந்து இங்கிலாந்தில் ஒரு கூத்தே நடத்தின. அங்கே சொத்து விற்கும்போது ஊரறியப் பதியாமல் காதும் காதும் வைத்த மாதிரி முடிக்க வக்கீல்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முதல் நாள் ஒரு வருஷத்துக்கு லீஸ் என்று எழுதுவார்கள். மறுநாள், மிச்ச உரிமையை ரிலீஸ் செய்கிறேன் என்று எழுதுவார்கள். சொத்து கைமாறிவிடும். 1841-ல் சட்டம் போட்டு, 'அந்த ஒரு நாள் லீஸ் நாடகமெல்லாம் வேண்டாம், ரிலீஸ் ஒன்றே போதும்' என்றார்கள்.

சொத்து, ரிலீஸ். வந்துவிட்டேன், சொல்ல வேண்டிய இடத்துக்கு.

2021-ல் அப்பா போய்ச் சேர்ந்தார். உயில் கிடையாது. அவர் சம்பளத்தில் லோன் போட்டுக் கட்டிய வீடு ஒன்று. அம்மா, அக்கா, நான். மறுவருஷம் எனக்கு ஊரப்பாக்கத்தில் ஒரு பிளாட் வாங்கும் ஆசை வந்தது. ஆசை மட்டும் வந்தால் பரவாயில்லை. ஐம்பதாயிரம் அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். ஊர் வீட்டை என் பேருக்கு மாற்றி, அதை அடமானம் வைத்துப் பணம் புரட்டுவதாகத் திட்டம்.

பேங்க் வக்கீல் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்றிதழ் எல்லாம் பார்த்தார். "மூணு பேருக்கும் சம பங்கு சார். மத்த ரெண்டு பேரும் ரிலீஸ் பண்ணிக் கொடுக்கணும்" என்றார். சுருக்கமாகச் சொன்னால், என்னைப் பொறுத்தவரை அம்மாவும் அக்காவும்தான் வில்லங்கம்.

அக்காவுக்கு போன் போட்டேன். தஞ்சாவூரில் இருக்கிறாள். "ஒரு சின்னக் கையெழுத்துக்கா. காலையில வந்தா மத்தியானம் பஸ் ஏறிடலாம்" என்றேன்.

"அதுக்கென்னடா, வர்றேன்" என்றாள்.

என் மனசு கொஞ்சம்கூட உறுத்தவில்லை. 2008-ல் அக்கா கல்யாணத்துக்கு அப்பா 25 பவுன் போட்டார். அத்தோடு கணக்கு முடிந்தது என்பதுதான் எங்கள் தெருவின் சட்டம். ஆனால் தேசத்தின் சட்டம் வேறு. உயில் எழுதாமல் தகப்பன் போனால் அவர் சொந்தமாகச் சம்பாதித்ததில் பெண்டாட்டி, பிள்ளை, பெண் எல்லோருக்கும் சமம் என்று 1956-லேயே எழுதிவிட்டார்கள். பூர்வீகச் சொத்திலும் பெண்ணுக்குப் பங்கு என்று தமிழ்நாடு 1989-ல் கொண்டு வந்தது. மத்திய அரசு 2005-ல் கொண்டு வந்தது. சட்டம் வந்துவிட்டது. எங்கள் தெருவுக்குத்தான் இன்னும் ரிலீஸ் ஆகவில்லை.

பத்திரம் எழுத ஒரு ரைட்டரைப் பிடித்தேன். என்ன தொழில் பண்றீங்க என்று கேட்டார். கொஞ்சம் பெருமையாகவே, "நானும் ரைட்டர்தான்" என்றேன்.

"அப்படியா? எந்த சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்?"

விளக்கிச் சொன்னதும் பரிதாபமாகப் பார்த்தார். அவர் எழுதுவதெல்லாம் அன்றைக்கே பதிவாகிவிடும். பணமும் முன்கூட்டியே.

"குடும்பத்துக்குள்ள விடுதலைப் பத்திரம்னா ஒரு பர்சென்ட் ஸ்டாம்ப் டூட்டி சார். மிஞ்சிப் போனா இருபத்தஞ்சாயிரம். அதுக்கு மேல கிடையாது" என்றார். (2023 ஜூலையில் அந்த உச்சவரம்பை 40,000 ஆக்கிவிட்டார்கள்.) "பிரதிபிரயோஜனம் என்ன போடட்டும்?"

பி.காமில் 'கன்சிடரேஷன்' என்று பாடம் படித்தது ஞாபகம் வந்தது. ஒருவன் ஒன்றைக் கொடுத்தால், பதிலுக்கு வாங்குவது. அது இல்லாவிட்டால் ஒப்பந்தம் செல்லாது. விதிவிலக்கும் உண்டு. நெருங்கிய உறவுக்குள் இயற்கையான அன்பினால் எழுதிக் கொடுத்துப் பதிவும் செய்தால் செல்லும். காண்டிராக்ட் சட்டம், 25-வது பிரிவு. பரீட்சையில் எனக்கு அதற்கு முழு மார்க்.

"எதையாவது போடுங்க" என்றேன்.

"பத்தொம்பதாயிரம் ரொக்கம்னு போடறேன். இருபதைத் தொட்டா இன்கம்டாக்ஸ் கேள்வி கேட்கும்."

டோக்கன் பதினொன்றரைக்கு. பெஞ்சில் அம்மா, அக்கா, நான். சாட்சிக் கையெழுத்துக்கு வந்த நண்பன் எதிரே நின்று, மத்தியானம் எந்தக் கடையில் பிரியாணி என்று போனில் விசாரித்துக் கொண்டிருந்தான். ரைட்டர் பத்திரத்தை நீட்டினார். நான், "எல்லாம் நான் படிச்சுட்டேன்க்கா, கீழ ஒவ்வொரு பக்கமும் போட்டுடு" என்றேன்.

அக்கா அப்பாவின் பெண். கண்ணாடியை எடுத்துப் போட்டுக் கொண்டு முதல் வரியிலிருந்து படித்தாள். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

"பத்தொம்பதாயிரம் ரொக்கமாப் பெத்துக்கிட்டுன்னு இருக்கே. எப்போடா கொடுத்தே?"

"அது சும்மா பார்மாலிட்டிக்கா."

"அப்போ கையெழுத்து? அதுவும் பார்மாலிட்டியா?"

கோபமே இல்லை குரலில். நிஜமாகவே தெரிந்து கொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள். அதுதான் கஷ்டமாக இருந்தது. நான் ரைட்டரைப் பார்த்தேன். ரைட்டர் சீலிங் பேனைப் பார்த்தார்.

அக்கா தலைப்பைப் படித்தாள். "விடுதலைப் பத்திரம். யாருக்குங்க விடுதலை?"

"சொத்துக்கும்மா" என்றார் ரைட்டர். முப்பது வருஷ சர்வீஸில் யாரும் அவரை இதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

"யார்கிட்டேருந்து? என்கிட்டேருந்தா?"

பதில் இல்லை. அக்கா மெதுவாகச் சொன்னாள்: "நான் பிடிச்சு வெச்சிருக்கேன்னு எனக்கே இன்னிக்குத்தான்டா தெரியுது."

பிடிச்சு வெச்சிருந்தது யாரு? அக்கா. எதை? மூணில் ஒரு பங்கை. ஏன் விடறா? அப்பாவின் மூணாவது கேள்விக்கு, 25-வது பிரிவில் முழு மார்க் வாங்கிய எனக்குப் பதில் தெரியவில்லை. அன்பினால் என்று எழுதியிருந்தாலாவது அது அவள் கொடுப்பதாக இருந்திருக்கும். பத்தொன்பதாயிரம் கொடுத்ததாகப் பொய் எழுதி, அந்தப் பெருமையையும் நானே எடுத்துக் கொண்டேன்.

அம்மாவுக்குச் சங்கடம். நாலு பேர் பார்க்கிற இடம். "போடுடி. நானும்தான் போட்டேன், 94-ல உங்க மாமாவுக்கு. என்ன கொறைஞ்சு போச்சு?"

அக்கா திரும்பினாள். "அதுக்கு முன்னாடி தாத்தா வீட்டுக் கொல்லைக் கதவை நீயே தொறந்துக்கிட்டுப் போவியேம்மா, மருதாணி பறிக்க. நான் உன் கூடவே வருவேன். அதுக்கப்புறம்?"

அம்மா முந்தானையைச் சரி செய்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. "கேட்டுட்டுத்தான் தொறப்பேன்" என்றாள்.

"யாராவது கேக்கச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலை. நானா கேட்டுப்பேன்."

அந்த நேரம் பார்த்து எங்கள் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். உள்ளே கைரேகை வைக்கும் மெஷின், போட்டோ எடுக்கும் கேமரா எல்லாம் தயார். அக்கா பேனாவைத் திறந்துவிட்டாள். இதைச் சொல்லியே ஆக வேண்டும். அவள் போடமாட்டேன் என்று சொல்லவில்லை. "வா, நேரமாச்சு" என்று எழுந்தேவிட்டாள். தம்பி கேட்டான், வந்தாள், போட்டுவிட்டுப் போவாள். தமிழ்நாட்டில் அக்காக்கள் எல்லாம் அப்படித்தான் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

நான்தான் எழுந்திருக்கவில்லை.

ஏதோ பெரிய தியாகி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நிமிஷம் என் தலைக்குள் ஓடியது நீதி நியாயம் அல்ல, பேரேடு. பி.காம். புத்தி எங்கே போகும்? 25 பவுனை அக்கா கணக்கில் பற்று எழுதியிருந்தேன். சரி. எனக்கு அப்பா கட்டிய காலேஜ் பீஸ்? மூணு வருஷ ஹாஸ்டல்? வேலையை விட்டுவிட்டு நான் எழுத்தாளனாக அலைந்த முதல் வருஷம் மாசா மாசம் அனுப்பிய பணம்? அதெல்லாம் எந்தப் பக்கத்திலும் இல்லை. இப்படி ஒரு கணக்கை ஆடிட்டர் முன்னால் வைத்தால் தூக்கி மூஞ்சியில் அடிப்பார்.

"இன்னிக்கு வேணாம்க்கா" என்றேன்.

"என்னடா விளையாடறியா? அட்வான்ஸ் கொடுத்திருக்கேங்கறே!"

"வேணாம்."

டோக்கன் வீண். எழுத்துக்கூலி வீண். ரைட்டர் மட்டும் வருத்தப்படவில்லை, முன்பணம்! நண்பன் பிரியாணி ஆர்டரைக் கேன்சல் பண்ணட்டுமா என்று கேட்டான். வேண்டாம், அதையாவது ஒழுங்காக முடிப்போம் என்றேன். நாலு பேரும் போய்ச் சாப்பிட்டோம். அக்காதான் பில் கொடுத்தாள்.

அந்த ஐம்பதாயிரம் அட்வான்ஸ் இன்று வரை ரிலீஸ் ஆகவில்லை. ('ஆகவில்லை' என்று எழுதுகிறேன், கவனியுங்கள்.) வீட்டில் என் மனைவி ஒரு மாசம் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஒரு நாள் ராத்திரி திடீரென்று, "எங்க அண்ணனும் என்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கினாரு, கல்யாணமான புதுசுல. என்னன்னு நான் படிக்கலை" என்றாள். அதற்கப்புறம் பேசினாள். நாங்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். ஊர் வீடு மூணு பேர் பேரில் அப்படியே இருக்கிறது. பேங்க் வக்கீல் பாஷையில், வில்லங்கத்தோடு.

பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா ஒன்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். கெடு, கேடு ஆகும். சுடு, சூடு ஆகும். விடு? வீடு ஆகும். முதனிலை திரிந்த தொழிற்பெயர். அறம், பொருள், இன்பம், வீடு என்று சொல்லும்போது அந்த வீடு மோட்சம். எல்லாவற்றையும் விட்டு அடைவது. அன்றைக்கு அதை இரண்டு மார்க் கேள்வியாக மட்டும் படித்தேன். எங்கள் குடும்பத்தில் விடு என்பது பெண்களுக்கும், வீடு என்பது பிள்ளைகளுக்கும் போயிருந்தது, அவ்வளவுதான்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் மாயவரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சாவிக்காரரிடம் எண்பது ரூபாய் கொடுத்து ஊர் வீட்டுக்கு இரண்டாவது சாவி வெட்டினேன். அக்கா பிறந்து வளர்ந்த வீடு. அவளிடம் அதற்கு ஒரு சாவி இருந்ததே கிடையாது என்பது, வெட்டிக் கொண்டிருக்கும்போதுதான் தோன்றியது. கொடுத்ததும் வாங்கி, ஒன்றும் சொல்லாமல், கைப்பையின் உள் ஜிப்பில் வைத்துக் கொண்டாள்.

இந்த மே மாசம் லீவுக்கு எல்லோரும் ஊரில் இருந்தோம். விடிகாலை. கொல்லைப்பக்கம் தாழ்ப்பாள் சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் அக்கா கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, பல்லில் பிரஷ்ஷோடு, கிணற்றடியில் நின்று கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "இந்தத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போடேன்டா, என்ன வீடு வெச்சிருக்கே!" என்று அதட்டினாள்.

"உன் வீடுதானே, நீயே போடு" என்றேன்.

அம்மா உள்ளேயிருந்து சிரித்தது கேட்டது.

அவ்வளவுதான் சமாசாரம். நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், கட்டுரை ரிலீஸ் ஆகிவிட்டது என்று அர்த்தம். செக்? பிடித்து வைத்திருப்பது யார் என்று தெரியும். எதை என்றும் தெரியும். ஏன் விடமாட்டேன் என்கிறார் என்பதுதான் தெரியவில்லை.

கொஞ்சம் ரிலீஸ் பண்ணுங்க சார். ரிலீஸ் பேரிங் மாற்ற வேண்டும்!